கட்டுத்தரையில் நின்ற சிவப்புக் கார்

நம் பழைய மாட்டுக் கட்டுத்தரையில், கிழக்கு மூலையில், கல் பாவிய தரை மேல் ஒரு பெரிய கறுப்புக் கறை இருக்கிறது. போன வாரம் சின்னவள் அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, "இது எந்த மாடுப்பா பண்ணுச்சு?" என்று கேட்டாள். மாடு பண்ணியதில்லை கண்ணு. ஒரு கார் பண்ணியது. அந்தக் கதையை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதித்தான் வைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

நான் அப்போது மீனாட்சிபுரத்தில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். இரண்டு வருஷம் மழை விடாமல் அடித்து, காய் எல்லாம் செடியிலேயே அழுகிப்போயிற்று. தோட்டம் கை விட்டுப் போனது. அத்தை கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மாமாவுக்கு மிஞ்சியது ஒரு கார் மட்டும்தான். எப்போதோ ஓர் எஸ்டேட் முதலாளி, ஓடாது என்று கழித்துக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் கார். காய் உலர்த்துகிற கட்டடத்தில் சாக்குகளுக்கு அடியில் பல வருஷம் கிடந்தது. ஒரு நாள் சரி பண்ணி ஓட்டப் போகிறேன் என்று மாமா ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார்.

வைக்கோல் ஏற்ற வந்த லாரியில் காரையும் போட்டுக்கொண்டு அவர் வந்து இறங்கினார். நாலு பேர் பலகை வைத்து உருட்டி இறக்கினார்கள். சிவப்பு நிறம், முழங்கால் உயரம், நீட்டி வைத்த மூக்கு, தலைக்கு மேலே கூரை இல்லை. கதவைத் திறந்தால் ஏலக்காய் வாசம் ஆளைத் தூக்கியது.

அம்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "ரெண்டு பேரு உக்கார்றதுக்கா இத்தன நீளம்?" என்றாள்.

"பிரேக்கு மட்டுந்தானுங்க மச்சான். ஒரு வாரத்துல எடுத்துருவேன்" என்று மாமா அப்பாவிடம் சொன்னார். அப்பா கட்டுத்தரையில் கிழக்கு மூலையை ஒழித்துக் கொடுத்தார். நான் மறுநாளே பள்ளிக்கூடத்தில், அடுத்த வெள்ளிக்கிழமை சிவப்புக் காரில் வந்து இறங்கப் போவதாகச் சொல்லிவிட்டேன்.

ஆனால் மாமா காரைத் தொடவே இல்லை. கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு வைத்தால் தட்டு அப்படியே ஈ மொய்த்துக் கிடக்கும். கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்புவார். மூன்றாவது நாள் அம்மா, தக்காளிக்கும் தென்னைக்கும் அடிக்கிற மருந்து டப்பாக்களை எல்லாம் கூடையில் அடுக்கிப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"எலி உருட்டுது கண்ணு" என்றாள்.

அன்றைக்கே அப்பாவிடம் அவள் மெல்லச் சொன்னதும் என் காதில் விழுந்தது. "ஏனுங்க, அவனத் தனியா உட்டுட்டு நீங்க எங்கீம் போகாதீங்க." மீசை வைத்த ஆளுக்கு என்ன துணை என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. உங்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். மாமா உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் அப்போது எங்கள் வீட்டில் இருந்த ஒரே கவலை. அது தெரியாத ஒரே ஆள் நான்.

பத்தாவது நாள் அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்தாள். காலி கேனை மாமாவின் தலைமாட்டில் டங்கென்று வைத்தாள்.

"டேய், உன்ற காரு கட்டுத்தரைய அடைச்சுட்டு நிக்குது. சினை மாட்ட நா எங்க கட்டறது? ஒண்ணு ஓட்டு, இல்லாட்டி பழைய இரும்புக்குப் போடு. இன்னைக்கே சொல்லு."

பழைய இரும்பு என்றதும் மாமா எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பானர் கேட்டார்.

பிரேக்கைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே இருந்த எண்ணெய் தரையெல்லாம் கொட்டியது. நீங்கள் பார்க்கிற கறை அதுதான். எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்க்க மாமா காருக்குள் ஏறி நின்றார். துருப்பிடித்த அடித்தகடு பொத்துக்கொண்டு அவர் கால் நேராகக் கீழே சாணியில் போய் நின்றது.

"இது ஓட்டற காரா, உள்ள நின்னு நடக்கற காரா?" என்றாள் அம்மா.

அடித்தகட்டைக் கொல்லங்கோட்டு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதிதாக அடித்து வந்தார்கள். அதைப் பொருத்தும்போதுதான் முன்மூடிக்கு உள்ளே எலிக்கூடு இருப்பது தெரிந்தது. ஒயர் முழுவதையும் கடித்துப் போட்டு, ஏலக்காய்த் தொலியால் மெத்தை போட்டு எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஒயரெல்லாம் மாற்ற வேண்டும். அதற்குள் மழை பிடித்துவிட்டது. சக்கரம் இல்லாத காரை நகர்த்த முடியாது, சினை மாட்டை நனையவும் விட முடியாது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? மாட்டுக்குத் தனியாக ஒரு புதுக் கொட்டகை போட்டார். நாம் இப்போது மாடு கட்டுகிற கொட்டகை அதுதான். பிரேக்கில் ஆரம்பித்த வேலை கூரை வேய்வதில் வந்து நின்றது.

பள்ளிக்கூடத்தில் நாலு வெள்ளிக்கிழமை போய்விட்டது. "ஏண்டா, உங்க காரு நேரத்துக்கு எத்தன லிட்டரு கறக்குது?" என்று கேட்டான் என் பெஞ்சுக்காரன். எல்லோரும் "ம்மா... ம்மா..." என்று கத்தினார்கள். நான் பதிலுக்கு, கார் வந்தால் அவனை ஏற்ற மாட்டேன் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

சீட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் உங்கள் தாத்தாவுக்கு மரியாதை. ஆனாலும் சொல்கிறேன். சீட்டுக்குள் இருந்த பஞ்சை எலி தின்றிருந்தது. அப்பா தோட்டத்துப் பருத்தியைக் கொட்டைகூட எடுக்காமல் அப்படியே திணித்து, ரெக்ஸின் போட்டுத் தைத்துவிட்டார். நன்றாகப் பொம்மென்று இருந்தது. மறுநாள் மத்தியானம் செவலை மாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, ரெக்ஸினைக் கிழித்து, டிரைவர் சீட்டு முழுவதையும் தின்றுவிட்டு நின்று அசைபோட்டது. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை மேல் எவ்வளவு ஆசை என்று அப்பாவுக்குத் தெரியாதா? தினமும் ஊற வைத்து ஆட்டிக் கொடுக்கிறவரே அவர்தான். கார் என்று வந்ததும் மறந்துவிட்டது.

மாமா மாட்டைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "மச்சான், காரு பாதி செரிச்சுப் போச்சுங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாட்டை அடிக்கப்போகிறாள் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் உள்ளே போய் இன்னொரு படி பருத்திக்கொட்டை அள்ளி வந்து அந்த மாட்டுக்கே வைத்தாள்.

அன்றிலிருந்து அம்மாவுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதுவரை பஸ்ஸைத் தவிர எதிலும் ஏறாதவள், தினம் பால் கறந்து முடித்ததும் காரைச் சுற்றி வந்து ஒரு குறை கண்டுபிடிப்பாள். கதவு கிறீச்சென்கிறது என்பாள். விளக்கு இரண்டும் ஒரே பக்கம் பார்க்கவில்லை என்பாள். "பெயிண்டு ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் செங்கல்லு. நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?" என்பாள். மாமா முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றையும் செய்வார். செய்து முடித்துவிட்டுப் பசி என்பார். எனக்கோ ஆத்திரமாக வந்தது. பிரேக்கும் என்ஜினும் இருந்தால் போதாதா, கதவு கத்தினால் கத்திவிட்டுப் போகட்டுமே?

ஒரு சாயங்காலம் என்ஜின் பிடித்துக்கொண்டது. ஓலைக் கொட்டகை அதிர, கோழிகள் பறக்க, அது உறுமியது. நான் அதைச் சுற்றி ஓடினேன். மாமா அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "நாளைக்குக் காலைல கெளம்பறேன்க்கா. மலைக்குப் போயி தோட்டத்த ஒருக்காப் பாத்துட்டு வந்தர்றேன்" என்றார்.

"கூட ஆரு?"

"எதுக்கு? நா மட்டுந்தான்."

அவர் குரலில் சந்தோஷமோ வருத்தமோ இல்லை. அம்மா பாதி அரிந்த காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில், காரைப் பார்க்கும் ஆசையில் நான் சீக்கிரமே எழுந்து போனேன். பால் கறக்க வேண்டிய அம்மா காரின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். புகை வருகிற குழாய்க்குள் தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றைக் கழியால் இடித்து இடித்து உள்ளே தள்ளினாள். அதன் மேல் வைக்கோல் பிசைந்த சாணியை அடைத்து மறுபடியும் இடித்தாள். சுவருக்குப் பூசுகிற மாதிரி அவ்வளவு பொறுமையாகச் செய்தாள். திரும்பினால் நான் நிற்கிறேன்.

"ஆருகிட்டீம் சொல்லக் கூடாது. சாமி சத்தியம்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து நான் தலையை ஆட்டிவிட்டேன்.

காலையில் கார் இரண்டு தடவை இருமியது, செத்துப்போயிற்று. மாமா என்ஜினைப் பிரித்தார். துடைத்து மாட்டினார். இருமியது, செத்தது. மறுபடி பிரித்தார். காற்று உள்ளே போகிற வழி, பெட்ரோல் போகிற வழி, கரண்டு போகிற வழி எல்லாவற்றையும் பார்த்தவர், புகை வெளியே போகிற வழியை மட்டும் பார்க்கவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்று துணி எடுத்துக் கொடுத்தாள், விளக்குப் பிடித்தாள். இரண்டு வேளையும் அவருக்குச் சோறு பிசைந்து போட்டாள். எட்டு நாள் இப்படி ஓடியது.

எட்டாவது நாள் பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன் என் பைக்குள் ஒரு பிடி புல்லைப் போட்டு, "உங்க காருக்கு" என்றான். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். நேராக மாமாவிடம் போய், சாமி சத்தியத்தை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டுச் சொன்னேன். "அம்மாதான் கொழாய்ல சாணிய அடச்சாங்க! நா பாத்தேன்!"

மாமா பின்பக்கம் போனார். கம்பியை விட்டுக் குடைந்தார். காய்ந்த சாணி கட்டி கட்டியாக விழுந்தது, கடைசியில் மட்டையும் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். புல்லுக்கட்டோடு வந்த அம்மா அதைப் பார்த்தாள். கட்டைக் கீழே போட்டாள். பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"நாலு தடவ என்ஜினப் பிரிச்சேன்க்கா" என்றார் மாமா.

"நீ தனியாப் போறேன்னு சொன்னா, நாப்பது தடவ பிரிக்க வெப்பேன். கொழாயி இல்லாட்டி வேற எதயாச்சும் அடைப்பேன். எனக்கென்ன, சாணிக்கா பஞ்சம்?"

மாமா அவளையே பார்த்தார். மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் உதடு கோணிக்கொண்டு வந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா கிட்டே போகவில்லை, புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். மாமா அழுக்குத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகமெல்லாம் கறுப்பானது.

"அந்தப் பக்கத்துக் கதவு இன்னுங் கத்துதுக்கா" என்றார். "அதையும் பாத்துட்டே கெளம்பலாம்."

கார்தான் ஓடுகிறதே, இன்னும் எதற்குக் கதவு என்று நான் காலை உதைத்து அழுதேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. கதவுக்கு மூன்று நாள் ஆயிற்று.

நாலாவது நாள் காலையில் நான் தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டையை உள்ளே விட்டு, பையை மாட்டிக்கொண்டு வந்தேன். அம்மா நல்ல சேலை கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சத்தமே போடாத அந்தக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். மடியில் கட்டுச்சோறு வைத்திருந்தாள். பொள்ளாச்சி வழியாகக் குமுளிக்குப் போகிறார்கள் என்றார் அப்பா. கார் கிளம்பியது. நான் பையோடு பின்னாலேயே ஓடினேன். சொசைட்டி வரைக்கும் ஓடினேன். அம்மா திரும்பியே பார்க்கவில்லை, பக்கத்துச் சீட்டில் இருந்த மாமாவையே பார்த்துக்கொண்டு போனாள்.

அன்று அப்பா தனியாகப் பால் கறந்தார். என் சீட்டை அம்மா பிடுங்கிக்கொண்டாள் என்று நான் தேம்பியதைக் கேட்டுவிட்டு, "அது உன்ற சீட்டு இல்லடா" என்றார். பெரியவர்கள் எப்போதும் ஒரே கட்சிதான் என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஐந்தாம் நாள் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கம்பம் மலையேற்றத்தில் கார் நின்றுவிட்டதாம். குமுளியில் ஒரு ஜீப் பட்டறையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். பட்டறைக்காரர், இவ்வளவு வேலை தெரிந்த ஆள் இங்கேயே இருந்துவிடு என்று மாமாவிடம் சொன்னாராம். துணிமணி எடுத்துப் போகத்தான் வந்தேன் என்றார் மாமா. அந்தக் கார் திரும்ப வரவே இல்லை, என் பெஞ்சுக்காரன் அந்த வருஷம் முழுக்க விடவில்லை.

மாமா பஸ் ஏறிப் போன மறுநாள், அம்மா கூடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். மருந்து டப்பாக்களைத் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வரிசையாக அடுக்கினாள்.

எலித் தொல்லை தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.