இசக்கிக்காக மங்கிய மாப்பிள்ளை

ஒரகடம் கூட்டுரோட்டில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் கலைமணிக்கு மூஞ்சி டாக்டர் என்று பட்டப்பெயர். செல்போனில் எடுத்த சுண்டைக்காய் போட்டோவைக் கொடுத்தாலும் பத்தடிக்குப் பெரிதாக்கி, மூக்கும் முழியுமாக நிறுத்திவிடுவாள். தண்டலத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவள் கைபட்ட முகம் மங்கலாக வந்தது என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பெயருக்குத்தான் 2011 ஆவணியில் சோதனை வந்தது.

வல்லக்கோட்டை ராஜாமணிக்குக் கல்யாணம். கம்பெனியில் அவனோடு ஒரே லைனில் நிற்கும் ஆறு நண்பர்களும் பேனரில் வரவேண்டும், எல்லா முகமும் ஒரே அளவில். நண்பனைப் பேனரில் விட்டுவிடுவது இந்தப் பக்கம் பத்திரிகை வைக்காததைவிடப் பெரிய அவமானம். ஐந்து பேர் படம் பளிச். ஆறாவது ஆளான இசக்கி லீவில் கோவில்பட்டிப் பக்கம் ஊருக்குப் போயிருந்தான். அவன் போனில் கேமராவே கிடையாது. கிடைத்தது பழைய ஆயுத பூஜை குரூப் போட்டோ; அதில் கடைசி வரிசையில் நகத்தளவு இசக்கி.

கலைமணி கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கினாள், முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. தெளிவு கூட்ட ஷார்ப் ஏற்றினாள், மீசை கம்பியாகி, தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்து, இசக்கி சாமி படமாகிவிட்டான்.

"அவன வுட்டுடுக்கா. பேனரே அசிங்கமா பூடும்" என்றான் ராஜாமணி.

அந்த நேரம் பார்த்து இசக்கியே கடைக்குப் போன் செய்தான். "எக்கா, நம்ம மூஞ்சி வந்துரும்லா? அப்பாவக் கூட்டிட்டு நேரா மண்டபத்துக்குத்தான் வாறேன். பேனர்ல காட்டுதேன்னு சொல்லிட்டேன்."

"வந்துரும்பா" என்று சொல்லிவிட்டுக் கலைமணி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு, தொழிலில் அதுவரை செய்யாத காரியத்தைச் செய்தாள். இசக்கியை முடிந்தவரை தேற்றிவிட்டு, பளிச்சென்று இருந்த ஐந்து பேரையும் அவன் அளவுக்கு மங்க வைத்தாள். கூடவே மாப்பிள்ளையையும்தான். பெண்ணை மட்டும் தொடவில்லை. அந்த வீட்டாரோடு வம்பு எதற்கு?

கல்யாணத்தன்று ராஜாமணி மாலையும் கழுத்துமாக வந்து மண்டப வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாக்கா, என் கல்யாணத்துல நானே மங்கலா கீறேன்?"

"கிட்ட நின்னா அப்டித்தான். எட்ட போய்ப் பாரு" என்றாள்.

அதற்குள் இசக்கி அப்பாவோடு வந்துவிட்டான். பெரியவர் நேராகப் போய்ப் பேனரில் மூக்கை வைத்தார். "எல்லாவனும் ஒண்ணு போலல்லா இருக்கான். இதுல நீ எவம்லே?"

இசக்கியின் முகம் சுருங்கிப்போனது. கலைமணிக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப் போய், "பெரியவரே, இப்டி பின்னால வாங்க" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். பேனரைப் பார்த்தபடியே பின்னால் நடந்தவர், ரோட்டுக்கே வந்துவிட்டார். அங்கே சட்டென்று நின்றார்.

"ஏலே, நீதானா!"

ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் பின்னால் ஹாரன் அடித்தது. பெரியவர் நகரவில்லை. டிரைவரிடம் கை நீட்டிக் காட்டினார். "அந்தா, மாப்பிள்ளைக்குப் பக்கத்துல நிக்கான் பாத்தியளா? எம்மவன்."

எட்ட நின்று பார்க்க வந்த ராஜாமணி தன் முகத்தைத் தேடவே மறந்துபோனான். "ஆமா டிரைவரே," என்றான், "எங்க இசக்கி."