திருப்பிப் போட்ட சீஸ் டோஸ்ட்

எழுபதுகளின் தொடக்கத்தில் தி. நகரில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடிப் போர்ஷனில் நானும் அப்பாவும் குடியிருந்தோம். இரண்டு ஆண்கள், ஒரு ரேடியோ, மெஸ்ஸிலிருந்து வேளைக்கு ஒரு கேரியர். எங்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. "சாம்பார்ல உப்பு ஜாஸ்தி" என்பார். "ஆமாம்" என்பேன். அன்றைக்கு அது போதும். அப்பா போனபிறகு, "சாம்பார்ல உப்பு ஜாஸ்தி" என்று நானே சொல்லி, நானே "ஆமாம்" போட்டுக்கொண்டேன். கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் மாடிப்படியில் நின்று, "யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டதும் அதையும் நிறுத்திவிட்டேன்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும் என்பது நம் வழக்கம். 'வரேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடுமாம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் அதை மிக ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஒருவர் குறைந்திருப்பார். இன்னொரு முறை பார்த்தால் நாலு பேர். கடைசியில் கூடத்தில் நானும் வாடகை ஜமக்காளமும்தான் மிச்சம். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் யாரும் வரவில்லை. ஒரு வருஷம் ஆகி, திதியும் கொடுத்தாயிற்று. அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. யாராவது வந்து உட்கார்ந்து, எதையாவது சாப்பிட்டுவிட்டு, வாசற்படியில் நின்று "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். முப்பத்துநாலு வயது ஆண்பிள்ளை வெளியே சொல்லக்கூடிய ஆசை இல்லை. அதனால் டிபனுக்குக் கூப்பிடுகிறேன் என்று பெயர் வைத்தேன்.

ஆபீஸில் என் அடுத்த மேஜைக்காரன் மயிலாப்பூர்க்காரன். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டம்மாவோட வா. டிபன் என் கையால" என்றேன்.

"உன் கையாலயா? பக்கத்துல டாக்டர் இருக்காரோன்னோ?" என்றான். ஆனாலும் தலையாட்டினான்.

அவன் தலையாட்டிய நிமிஷத்திலிருந்து என்ன செய்து போடுவது என்று யோசிக்க ஆரம்பித்தேன். பஜ்ஜி போடலாமா என்றால், அவன் வீட்டம்மாவான மாமி பிறந்ததிலிருந்து பஜ்ஜியைப் பார்த்தவர். பார்த்த பார்வையிலேயே மார்க் போட்டுவிடுவார். ஆகவே அவர் சாப்பிட்டிராத ஒன்றைச் செய்வதுதான் புத்திசாலித்தனம். அது எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாதவர், எப்படி இருந்தாலும் ஒத்துக்கொண்டுதானே ஆக வேண்டும்? வாடகை நூல்நிலையத்திலிருந்து எடுத்து வந்த இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் சீஸ் டோஸ்ட் இருந்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சீஸ் பரப்பி, பச்சைமிளகாய் தூவி, மேலிருந்து சூடு காட்டினால் சீஸ் உருகிப் பொன்னிறமாகுமாம். விருந்தாளிகளுக்கு மிக எளிய பண்டம் என்று போட்டிருந்தது. அந்த 'எளிய' என்ற வார்த்தையை எழுதியவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பாண்டி பஜாரில் ரொட்டிக் கடைக்காரரிடம் டின் சீஸ் கேட்டேன்.

"இன்னா சார், வூட்டுக்கு வெள்ளக்காரன் வர்றானா?"

"இல்லப்பா, மயிலாப்பூர்லேருந்து வர்றாங்க."

"அப்ப முட்டை கீதான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லிடு."

"நெஜமாவே இல்லையே?"

"பாலு சார் அது, வெறும் பாலு. ஆனா நீ இப்டி முழிச்சிக்கினு சொன்னியானா யாரும் நம்ப மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே வீட்டைப் பெருக்கிவிட்டேன். நாலு மணிக்கு மறுபடி பெருக்கினேன். இருந்த மூன்று நாற்காலிகளிலும் மாறி மாறி உட்கார்ந்து எது ஆடுகிறது என்று பார்த்தேன். ஆடுவதை எனக்கு வைத்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று "வாங்க, வாங்க" என்று சொல்லிப் பார்த்தேன். ஏதோ ஜவுளிக்கடை வாசலில் நிற்பவன்போல இருந்தது. ஒரே ஒரு "வாங்க" போதும் என்று முடிவு செய்தேன்.

ஐந்தரைக்குப் பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்தபோதுதான் அந்தச் சங்கடம் புரிந்தது. மேலிருந்து சூடு காட்ட வேண்டும். என் ஸ்டவ்வோ எல்லோர் வீட்டு ஸ்டவ்வையும்போலக் கீழிருந்துதான் எரிந்தது. ஸ்டவ்வைக் கவிழ்க்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே சமையல் தோசை. தோசைக்கு மேல்பக்கம் வேக வேண்டுமானால் என்ன செய்கிறோம்? திருப்பிப் போடுகிறோம். நானும் நாலு ரொட்டித் துண்டுகளையும் தோசைக்கல்லில் வைத்து, அடிப்பக்கம் சிவந்ததும், தோசைத் திருப்பியால் லாவகமாகத் திருப்பி, சீஸ் முகம் குப்புறப்படும்படி போட்டேன். திருப்பியது பிரமாதமாக வந்தது. அதற்கப்புறம் அவை கல்லைவிட்டு வரவில்லை. ரொட்டியை இழுத்தால் ரொட்டி மட்டும் வந்தது. சீஸ் கல்லோடு ஒட்டி, பொரிந்து, புகைந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

நான் "யாரு?" என்று கேட்டேன். ஒரு வருஷமாக யாரும் வராத வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிட்டவன் கேட்கிற கேள்வியா இது?

"தீயணைப்புப் படை. கதவைத் தெறடா" என்றது நண்பன் குரல்.

திறந்தேன். வாயில் "வாங்க" வரவில்லை, இருமல்தான் வந்தது. மாமி நேரே சமையலறைக்குள் போய் ஸ்டவ்வை அணைத்தார். கல்லைக் குனிந்து பார்த்தார்.

"என்னது இது, மாமா?" என்று என்னைக் கேட்டார்.

"சீஸ். முட்டை இல்ல" என்றேன், அவர் கேட்காமலேயே.

அவர் என் கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கிக் கல்லைச் சுரண்டினார். சீஸ் அப்பளம்போல மொறுமொறுவென்று பெயர்ந்து வந்தது. ஒரு துணுக்கை வாயில் போட்டுக்கொண்டார். நான் பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவன்போல நின்றேன்.

"ஏன்னா, இதைச் சாப்ட்டுப் பாருங்கோ. தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கலாம்போல இருக்கு."

"சீமைப் பண்டத்துக்குத் தயிர்சாதமா?" என்றான் அவன். ஆனால் பாதியைத் தின்றது அவன்தான். சுரண்டியதை மொட்டை ரொட்டிமேல் தூவி மூவரும் சாப்பிட்டோம். காபி குடித்தோம். ஆபீஸ் வம்பு பேசினோம். அப்பா படத்தை மாமி ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்க ஜாடை அப்படியே அவர்தான்" என்றார். எனக்கு அது தெரியாது. அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஏழு மணிக்கு எழுந்தார்கள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, சட்டைப்பையில் எதையோ துழாவிக்கொண்டே, "சரிடா, போயிட்டு வரேன்" என்றான். "போயிட்டு வரோம்" என்றார் மாமியும். அவ்வளவுதான். நான் எத்தனையோ நாளாக எதிர்பார்த்திருந்ததைப் பஸ் டிக்கெட் கேட்பதுபோலச் சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்கள். நான் "ம்" என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு, கல்லில் மிச்சம் இருந்ததைச் சுரண்ட ஆரம்பித்தபிறகுதான் உறைத்தது. 'வரேன்' என்றவர்களுக்கு 'வாங்க' என்று சொல்லவில்லையே. 'ம்' என்றால் என்ன அர்த்தம்? வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்றுதானே? படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிப் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். மயிலாப்பூர் பஸ்ஸில் மாமி ஏறிவிட்டார், நண்பன் படியில் ஒரு காலை வைத்திருந்தான்.

"வாங்க" என்று கத்தினேன்.

"எங்கடா? இப்பத்தானேடா வந்துட்டுப் போறோம்?"

"இல்ல. மறுபடி வாங்க. கட்டாயம் வாங்க."

அவன் என் வலது கையையே பார்த்தான். அதில் தோசைத் திருப்பி இருந்தது. மாமி ஜன்னல் வழியாக என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. "வரோம் மாமா. சொல்லிட்டோமே, வரோம்" என்றார்.

கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா நைனா, கரண்டியத் தூக்கிக்கினு நிக்கிற? ஏர்றியா இல்லியா?"

"ஏறல. அவங்கதான் போறாங்க."

விசில் அடித்தது, பஸ் போயிற்று. நான் அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்றேன், அதற்கடுத்த பஸ்ஸும் வரும்வரை. ஒவ்வொரு கண்டக்டரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். வீட்டுக்குப் போக எனக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.