முந்திரிக்கொத்து தின்னாத அண்டைவீட்டார்

காற்றில் பனையோலை வாசம் வந்தால் யாரோ புதுவீட்டுக்குக் கூரை வேய்கிறார்கள் என்றுதான் ஒன்பது வயதில் நான் நம்பினேன். அந்த நம்பிக்கையைத் தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரத்தோடு சுமந்துபோய், விருந்து வைக்கக்கூடாத இடத்தில் வைத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு ஓடிவந்த வீரனும் நானே.

தூத்துக்குடிக் கடைத்தெருவை ஒட்டிய வாடகை வீட்டிலிருந்து, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, உப்பளங்களின் ஓரத்தில் மனை பிரித்துப் போட்டிருந்த புதிய "பிளாட்டு" ஒன்றில் வீடு கட்டி எங்களைக் குடிவைத்தார். பழைய வீட்டில் பந்து வீட்டுக்காரர் கதவில் பட்டால் ஆட்டம் முடிந்தது. இங்கேயோ எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் அடிக்கலாம். பந்து போடவும், அதை எடுத்து வரவும், "அவுட்" என்று கத்தவும் நானே போக வேண்டும், அவ்வளவுதான். உடைமரங்களுக்கு நடுவே சைக்கிளில் கைவிட்டுப் போகலாம். விழுந்தால் சிரிக்க ஆளில்லை. தேங்கிய நீரில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நிற்க, நானும் நின்று பார்த்துத் தோற்பேன். எனக்கு அது சொர்க்கம்.

அம்மாவுக்கு அப்படி இல்லை. கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, "நல்லதண்ணி லாரி" நினைத்தால்தான் வரும், கடுகு தீர்ந்தால் பஸ் ஏற வேண்டும், சன்னல் கம்பி உப்புக்காற்றில் துருவேறி உதிரும். இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் சுற்றியிருந்த மூன்று வீடும் பூட்டிக் கிடந்ததை, சாத்தான்குளத்தில் சுவருக்குச் சுவர் குழம்பு மாற்றி வளர்ந்த அவளால் பொறுக்க முடியவில்லை.

"தாளிக்கிற சத்தம்கூட நம்ம வீட்டுச் சத்தம் மட்டும்தான் கேக்கு. தீவாளிக்குள்ள பக்கத்துல ஒரு அடுப்பு எரியலன்னா நான் சாமானைக் கட்டிருவேன், பாத்துக்கிடுங்க" என்றாள்.

"வருவாங்க, வருவாங்க" என்றார் அப்பா, நேரம் தவறிய பஸ்ஸுக்குக் காத்திருப்பவரிடம் சொல்வதுபோல.

சாமானைக் கட்டினால் என் கதி? மறுபடியும் வீட்டுக்காரர் கதவா?

காலாண்டு விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். திரும்பி வந்த மறுநாள் காலை மொட்டைமாடியில் ஏறினேன். முன்பு தொலைவில் வெள்ளை வெளேரென்று உப்பு "அம்பாரங்கள்" குவிந்திருந்த இடத்தில், உடைமரங்களுக்கு மேலே ஓலைக்கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு கிராமமே வந்திறங்கிவிட்டது! உப்பெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கும் அறிவு எனக்கு அன்று இல்லை. இத்தனை சனம் வந்தால் உப்பு தீராதா?

கூவிக்கொண்டே இறங்கினேன். அம்மா படியேறி வந்து கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ஆள்வேண்டும் என்று ஏங்கிய கண்ணுக்கு அவை வீடுகளாகவே தெரிந்தன. "புதுசா வந்தவங்களுக்கு நாமதாம்ல முதல்ல கொடுக்கணும்" என்று, மாமா வீட்டில் கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்தைத் தூக்கில் அடுக்கி என்னை அனுப்பினாள்.

முதல் வீட்டைச் சுற்றினேன், கதவு இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. சன்னலும் இல்லை. உள்ளே போனவர்கள் எப்படி வெளியே வருவார்கள்? வந்தவர்களா, அடைக்கப்பட்டவர்களா? "வீட்ல யாரு?" என்று கேட்டபடி ஓலைக்குள் கையை விட்டேன். சில்லென்று, நறநறவென்று ஏதோ விரலில் ஒட்டியது.

"யாருல அது, ஓலையப் பிரிக்கது?" என்று வீடு கேட்டது.

தூக்கு அங்கே, செருப்பு ஒன்று சேற்றில், நான் எங்கள் வீட்டில். "வீடு பேசுதும்மா!" என்பதைத் தவிர வேறெதுவும் என் வாயிலிருந்து வரவில்லை.

சாயங்காலம் வாசலில் ஒரு குரல். உப்பளத்தில் வேலை செய்யும் முத்துக்கனியக்கா, ஒரு கையில் தூக்கும் மறுகையில் என் செருப்புமாக நின்றாள்.

"உங்க பயலாக்கா? நான் அந்தப் பக்கம் நிழலுக்கு உக்காந்திருந்தேன். உப்புக்குப் படையல் வச்சிட்டு ஓடுதான்! அதுக்கு சீனி ஆவாதுன்னு நாங்க தின்னுட்டோம்."

அம்மா சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்தபின் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. தூக்கை வெறுமனே திருப்பித் தரக்கூடாதென்று அக்கா அதில் உப்பு நிரப்பியிருந்தாள். உப்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்பதால், "கீழ வச்சிரு தாயி" என்றாள் அம்மா. கீழே வைத்தவள் கூடவே உட்கார்ந்தாள். விளக்கேற்றும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் முன்னால் அம்மா என்னை நடித்துக் காட்டச் சொன்னாள். நானும் வெட்கமில்லாமல் நடித்தேன்.

இப்போது எங்கள் "பிளாட்டு" பகுதியில் சுவருக்குச் சுவர் வீடு. யார் காரை யார் வாசலில் நிறுத்துவது என்று தினமும் கச்சேரி. பந்து அடிக்க இடமில்லை, குனிந்து எடுக்க எனக்கு முதுகும் வளையாது. அம்பாரங்களைக் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுகிறார்கள். அதை வீடு என்று எந்த மடையனும் நம்பமாட்டான். பனையோலை வாசமும் போய்விட்டது.

அன்று அங்கே யாரும் குடிவரவில்லை. மழைக்கு முன்னால் உப்பை ஓலையால் மூடியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்தத் தீபாவளிவரை பக்கத்தில் ஓர் அடுப்பும் எரியவில்லை. அம்மா சாமானைக் கட்டவும் இல்லை.