நிற்காத பல்லக்கு

சாமி பல்லக்கின் முன்தண்டைத் தாங்கும் எங்கள் ஊர் நெசவாளர் ஒருவருக்கு, வலது தோளில் எலுமிச்சை அளவு காய்ப்பு. அவர் கைத்தடியால் தண்டைத் தட்டினால்தான் பல்லக்கு ஒரு வாசலில் நிற்கும். அன்று வீதியுலாவில் எங்கள் எம்.பி. தன் வீட்டு வாசலில் குடும்பத்தோடு தேங்காய்த் தட்டேந்திக் காத்திருந்தார். நெசவாளர் தட்டவில்லை. பல்லக்கு நேராகப் போய்விட்டது.

கூடவே ஓடி, "ஏண்ணா நிறுத்தல?" என்றேன்.

"பட்டு நூல் வரியைக் கொறைக்கச் சொல்லுங்கன்னு கேக்கப் போயி, தெருவே இவரு வாசல்ல வெயில்ல நின்னுக்கினு இருந்தோம்பா. உள்ளதான் இருந்தாரு, கேட்டைத் தொறக்கல. இன்னிக்கு அவரு நிக்கட்டும்."

பக்கத்து ஓட்டு வீட்டு வாசலில் தண்டை ஓங்கித் தட்டினார். எம்.பி. பார்க்கப் பார்க்க, சாமி அங்கே நெடுநேரம் நின்றது.

சாமியை வைத்துப் பழிதீர்க்கலாமா, தெரியவில்லை. ஆனால் நான் மனசாரக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.