பூனைக் காதும் ஒரு புது டிஸ்க்கும்

“அக்கா, பூனையக் காணோம்க்கா!”

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் மாடியில் இருக்கிறது என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. மூச்சு வாங்கப் படியேறி வந்த செல்வராசு இதைத்தான் முதலில் சொன்னார். கப்பல் பட்டறையில் வெல்டர், பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அவருடைய செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பை முந்தின வாரம்தான் சரிசெய்து கொடுத்திருந்தேன். ஹார்ட் டிஸ்க் மொத்தமாகச் செத்துப்போயிருந்தது. புது டிஸ்க் மாட்டி, விண்டோஸ் ஏற்றி, டிரைவர்களையும் தமிழ் கீபோர்டையும் போட்டுப் பளிச்சென்று அனுப்பியிருந்தேன்.

“பூனையா? நான் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கேன் தம்பி.”

“கேமராவுல வரும்லக்கா, காது, மீசையெல்லாம் வச்சு. அந்தப் பூனை.”

புரிந்துவிட்டது. லேப்டாப் கம்பெனிக்காரர்கள் விண்டோஸோடு சேர்த்துக் கண்டதையும் ஏற்றி அனுப்புவார்கள். ட்ரையல் ஆன்டிவைரஸ், விளையாட்டு, போட்டோ ஆல்பம், முகத்துக்குக் காது ஒட்டும் கேமரா சாப்ட்வேர். எனக்கு இதையெல்லாம் கண்டாலே ஆகாது. ‘குப்பை’ என்று பெயர் வைத்திருந்தேன். சுத்தமாக இன்ஸ்டால் செய்து கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

“போன்லயே ஆயிரம் பூனை இருக்கே!”

“போட்டுப் பாத்தேன்க்கா. ‘இது வேற பூனை, எங்கப்பா இல்ல’ங்குது பாப்பா.”

மகள் தொட்டிலில் கிடந்தபோது சிங்கப்பூருக்கு வந்தவர் அவர். வீடியோ காலில் வெறும் முகத்தைக் காட்டினால் அவள் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாளாம். ஒருநாள் கை தவறி அந்தப் பூனை திறந்துகொள்ள, விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அன்று முதல் அவர் பூனை அப்பா. இப்போது பூனை போனதும், போனைக் கண்டாலே ஓடிவிடுகிறாள்.

“அடுத்த மாசம் லீவுல போறேன்க்கா. என்னை யாருன்னு கேட்டுடுமோன்னு பயமா இருக்கு.”

“குடுங்க, பாப்போம்” என்று லேப்டாப்பை வாங்கி வைத்தேன்.

பார்ப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. கம்பெனி ஏற்றிய சாப்ட்வேர் எல்லாம் டிஸ்க்கிலேயே ஒரு மூலையில், ரெகவரி பார்ட்டிஷன் என்ற பகுதியில் இருக்கும். டிஸ்க் செத்தபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. கம்பெனி இணையதளத்தில் டிரைவர் கிடைத்தது, பூனை கிடைக்கவில்லை. அதே மாடலில் இன்னொரு லேப்டாப் இருந்தால்தான் வழி.

அப்போதுதான் குவீன்ஸ்டவுன் கமலா மேடத்தின் நினைவு வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை, என் பழைய வாடிக்கையாளர். அவரிடமும் அதே மாடல்தான். குப்பையை அழிக்கட்டுமா என்று ஒவ்வொரு முறையும் நான் கேட்பதும், அவர் மறுப்பதும் வழக்கம். போன் போட்டேன்.

“மேடம், உங்க லேப்டாப்ல அந்தப் பூனைக் காது சாப்ட்வேர் இன்னும் இருக்கா?”

“அதத் தூக்கு தூக்குன்னு என் உயிரை வாங்கினே. இப்ப என்ன திடீர்ப் பாசம் லா?” என்றார், சிங்கப்பூர் ‘லா’ போட்டு.

விஷயத்தைச் சொன்னேன். “நீ கடையிலேயே இரு மீனா. நான் எடுத்துட்டு வர்றேன்” என்றார். எம்ஆர்டி ரயில் பிடித்து அன்று மத்தியானமே வந்துவிட்டார்.

அவருடைய லேப்டாப்பிலிருந்து ஒரு யுஎஸ்பியில் ரெகவரி டிரைவ் உருவாக்கி, செல்வராசுவின் லேப்டாப்பில் ஏற்றினேன். குப்பை மொத்தமும் ஊர்வலமாக வந்து இறங்கியது. பழக்க தோஷத்தில் என் கை அன்இன்ஸ்டாலுக்குப் போனது.

“கைய எடு! எது எதோட ஒட்டியிருக்கோ, யாருக்குத் தெரியும்?” என்று அதட்டினார் மேடம்.

ஞாயிற்றுக்கிழமை செல்வராசு வந்தார். கடையில் உட்கார்ந்தே ஊருக்குக் கூப்பிட்டார். திரையில் மனைவி, அவர் தோளுக்குப் பின்னால் ஒரு சின்னத் தலை. பூனையைப் பார்த்ததும் அந்தத் தலை முன்னால் பாய்ந்து வந்தது.

“அப்பா! எங்க போனீங்க?”

மனிதர் தேம்பிக்கொண்டே “மியாவ்” என்றார். மீசை மட்டும் திரையில் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஸ்க்ரூ டிரைவர் தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

லீவு முடிந்து கடலை மிட்டாயோடு வந்தார். லிட்டில் இந்தியாவில் பூனைக் காது வைத்த தலைப்பட்டை ஒன்று வாங்கிப் போயிருக்கிறார். திருச்சி விமான நிலையத்தில் அதை மாட்டிக்கொண்டுதான் வெளியே வந்தாராம்.

“எல்லாரும் சிரிச்சாங்கக்கா. பாப்பா மட்டும் ஓடி வந்து தூக்கச் சொல்லுச்சு. அப்புறம் அதக் கழட்டி அதுவே மாட்டிக்கிச்சு. இப்ப வீடியோ கால்ல பூனை வேணாமாம், என் மூஞ்சிதான் வேணுமாம். அந்த சாப்ட்வேர் இடத்த அடைக்குதுல்ல, தூக்கிடுங்கக்கா.”

“வேணாம்னா திறக்காதீங்க. நான் தூக்க மாட்டேன்” என்றேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஃபார்மட் செய்யும் முன், “இதுல தினமும் எதைத் திறப்பீங்க?” என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்.

ட்ரையல் ஆன்டிவைரஸை மட்டும் அன்றே தூக்கி எறிந்தேன். அதைக் காணோம் என்று எந்தப் பிள்ளையும் அழாது.