டாக்டர் மனசு நோகுமுங்களே!

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்பு, பல்லடத்திலிருந்து அக்காவை பீளமேட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். காரைவிட்டு இறங்கியவர், பாதம் பதியாமல் குதிகாலிலேயே நடந்தார். கேட்டால், புதுச் செருப்பு கடிக்கிறதாம்.

அக்காவுக்குத் தைராய்டு புற்றுநோய். நுரையீரல்வரை போய்விட்டது. ரேடியோ அயோடின் என்ற கதிர்வீச்சு மருந்துக்கும் மசியவில்லை. அதனால் 'டார்கெட்டட் தெரபி' - புற்றுநோய் செல்லுக்கு வளரச் சொல்லிப் போகும் சிக்னலைக் குறிபார்த்துத் தடுக்கிற மாத்திரை. வீட்டிலேயே தினமும் விழுங்கலாம். பிரஷர் ஏறலாம், கை கால் எரியலாம், எதுவானாலும் உடனே சொல்லுங்கள் என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார்.

சொல்வாரா அக்கா?

பெய்யாத மழை, பக்கத்து வீட்டு நாய், என் தொப்பை... எல்லாவற்றையும் குறை சொல்கிறவர்தான். ஆனால், எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா இருக்கேனுங்க. ஊட்ல கொழந்தைங்க சௌக்கியமுங்களா?"

டாக்டரும் சந்தோஷமாகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னேன். உள்ளங்கால் முழுக்கச் சிவந்து கொப்புளம். புதுச் செருப்பாவது, கடியாவது!

ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்க, அக்கா முந்தானையைத் திருகினார்.

"இத்தன நல்ல மருந்து குடுத்திருக்கீங்க. அது ஒத்துக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா எப்படீங்க சொல்றது? மனசு நோகுமுங்களே. அப்புறம்... சொன்னா மருந்த நிறுத்திப்போடுவீங்கன்னு பயமுங்க."

விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் "அருமைங்க" என்று இரண்டாம் முறை ஊற்றிக்கொள்கிற ஆட்கள் நாங்கள். அதற்காக... மாத்திரை என்ன, சம்பந்தி வீட்டுக் குழம்பா?

டாக்டர் கோபப்படவில்லை. "இப்பவே சொன்னா, கொஞ்ச நாள் விட்டு, டோஸைக் குறைச்சுத் தொடரலாம்மா. மறைச்சு மறைச்சு முத்த விட்டாத்தான் ஒரேயடியா நிறுத்த வேண்டி வரும்."

அக்காவின் உயிரைப் பிடித்து வைத்திருக்கிற மாத்திரையை வெறும் மரியாதைக்காக இழக்கப் பார்த்தோமே!

போன வாரம் மறுபடி போனோம். குறைந்த டோஸ் ஒத்துக்கொண்டிருந்தது. அக்கா பாதம் முழுக்கப் பதித்து, எனக்கு முன்னால் நடந்தார். ஸ்கேனில் நுரையீரல் புள்ளிகள் சுருங்கியிருந்தன. நோய் போய்விடவில்லை, ஆனால் பின்வாங்குகிறது என்றார் டாக்டர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டதும் அக்கா தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க டாக்டர், தப்பா நெனச்சுக்காதீங்க..."

ஆரம்பித்தாரே பார்க்கணும்! கால் தேவலையாம். ஆனால் மத்தியானமானால் அசதியாம். வாயில் புண்ணாம். எதைத் தின்றாலும் ருசியே தெரியவில்லையாம். டாக்டர் டைப் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"உங்க கேண்டீன் காப்பிங்க. ருசி தெரியாத என்ற நாக்குக்கே அது மோசம்னு தெரியுதுங்க."