ஏலக்காய் ஸ்டோரில் மெட்டல் கேசட்

சினிமாப் பாட்டுப் போட்டால், ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்கும் எங்கள் கை நின்றுவிடும் என்பார் எங்கள் ஸ்டோர் மேனேஜர்.

ஏதாவது பாட்டுப் போடலாம் என்று ஆறு மாதம் கெஞ்சிய பிறகு, என் அண்ணன் பம்பாயிலிருந்து கொண்டுவந்த 'மெட்டல்' என்ற இங்கிலீஷ் பாட்டுக் கேசட்டை இன்று அவருக்குப் போட்டுக் காட்டினேன். அட்டையில் மண்டையோடு. ஆனால் தொடக்கத்தில் தனிக் கிட்டார், தாலாட்டைப் போல.

"வீணை மாதிரி இருக்கே ஆத்தா. ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் வெளியே போனார்.

அவர் வாசலைத் தாண்டியதும் டிரம்ஸ் இடித்தது. ஒருவன் அலறினான்.

"யாத்தே, யாரையோ கொல்லுறாய்ங்க!" என்றார் பக்கத்தில் காய் பொறுக்கிய பேச்சியக்கா. ஆனால் எல்லோர் கையும் அந்த டிரம்ஸ் அடிக்கு ஏற்பப் பறந்தது.

நிறுத்தப் போனேன். சத்தம் கேட்டு ஓடி வந்த மேனேஜர், பொறுக்கிய காய் முறங்களில் மளமளவென்று குவிவதைப் பார்த்தார்.

"நிறுத்தாத! கை வெரசா ஓடுது. தெனமும் இதையே போடு."

எனக்குப் பிடித்ததோ அந்த முதல் அரை நிமிடம்தான். கடைசிவரை கிட்டார் மட்டுமே வாசிக்கிற கேசட் யாரிடமாவது இருக்கிறதா?